தாமே பதிப்பித்த சித்திரக்கதை தனியோர் இலக்கிய வகையா?

சித்திரக்கதை என்றதும் முகஞ்சுளிக்கும் ஆசிரியர் இன்றும் நம்மிடையே உளர். அவர்க்கு விடையிறுத்தல் ஈண்டு எமது கருத்தன்று. சித்திரக்கதையை இலக்கியமென ஏற்றுக்கொண்டோரிடையே எழுந்த வேறொரு வழக்கையே எடுத்துக்கொள்கின்றோம். பெருநிறுவனங்களைச் சாராது, ஆக்கியோன் தானே அச்சிட்டு விற்கும் சித்திரக்கதைகளைத் தனியோர் இலக்கிய வகையாகக் கொள்ளலாமா என்பதே அவ்வழக்கு.

வகை என்பது யாது? தொல்காப்பியர் அகமென்றும் புறமென்றும் பிரித்தது பொருள்பற்றி. ஆசிரியம், வெண்பா எனப் பிரித்தது யாப்புப்பற்றி. பரணியும் பிள்ளைத்தமிழும் கலம்பகமும் பொருளாலோ உறுப்பாலோ பெயர்பெற்றன. ஏடெழுதக் கூலி கொடுத்தவன் யார் என்பதுபற்றி எப்பிரபந்தமும் பெயர்பெற்றிலது.

இவ்வளவைகொண்டு மேனாட்டு நூல்கள் சிலவற்றை நோக்குவாம். அமெரிக்காவிலே கிளீவ்லண்ட் நகரத்து மருத்துவமனையொன்றில் எழுதுவினைஞராயிருந்த ஹார்வி பீக்கர், 1976 இல் 'அமெரிக்கன் ஸ்பிளெண்டர்' என்னும் வெளியீட்டைத் தம் செலவில் தொடங்கினார். அவருக்குச் சித்திரம் வரைய வாராது. றொபேட் கிரம் முதலாயினோர் வரைந்துதவினர். கடையில் வரிசையிலே காத்துநிற்றல், தொழிலிடத்துப் பேச்சு முதலிய அன்றாட நிகழ்ச்சிகளே அவர் எடுத்துக்கொண்ட பொருள். கனடாவில் டேவ் சிம் 1977 இல் தொடங்கிய 'செரிபஸ்', விலங்குருக்கொண்ட வாள்வீரன் ஒருவனைப்பற்றிய நையாண்டியாய்ப் பிறந்து, பின்னர் அரசியலும் சமயமும் பேசி, 2004 இல் 300 ஆம் இதழோடு நிறைவுற்றது. கெவின் ஈஸ்ட்மனும் பீற்றர் லெயாடும் 1984 இல் வெளியிட்டதோ போர்க்கலை பயின்ற ஆமைகள் நான்கின் வீரக்கதை. இம்மூன்றையும் ஓரினமெனல், ஒரே சந்தையில் விற்கப்பட்டமைபற்றி மாங்காயையும் மண்வெட்டியையும் ஓரினமெனல் போலும்.

ஜெவ் சிமித் என்பாரின் 'போன்' இவ்வழக்கைத் தீர்த்தற்கு ஏற்ற சான்றாகும். 1991 முதல் 2004 வரை 55 இதழ்களாக, பெரும்பாலும் அவர்தம் சொந்தப் பதிப்பாகவே, கறுப்பு வெள்ளையில் வந்த அக்கதையை, 2005 முதல் ஸ்கொலாஸ்டிக் என்னும் பெருநிறுவனம் வண்ணந்தீட்டிப் பள்ளிச் சிறார் கையிற் சேர்த்தது. கதைமாந்தரும் உரையாடலும் முன்னிருந்தவையே. முதல்வன் அச்சிட்டபோது ஒரு வகை, நிறுவனம் அச்சிட்டபோது வேறொரு வகை என்பார், இடையில் மாறியது யாதெனக் காட்டல் வேண்டும்.

பதிப்புமுறை பொருளையும் மாற்றுமன்றோ என்பார் கூற்றிலும் உண்மையுண்டு. 1954 இல் அமெரிக்கப் பதிப்பாளர் தம்முட் கூடி வகுத்த ஒழுக்கவிதி, சித்திரக்கதை தொடலாகாதனவற்றை நீளப் பட்டியலிட்டது. அவ்விதிக்கு உட்படாது 1968 இல் சான் பிரான்சிஸ்கோவில் வந்ததே கிரம் வரைந்த 'சாப்' இதழ். பெருநிறுவனம் அக்காலத்து அதனை ஏற்றிராது. ஆயினும் ஒன்று பிறத்தற்கு ஏதுவாயது வேறு, பிறந்ததன் இயல்பு வேறு. தனி வகை என்னும் வேலி நட்டார்க்கு, 'இது தானே அச்சிட்டது; வேறளவை கொள்க' எனக் குறைபட்ட ஓவியத்தையும் தளர்ந்த கதையையும் காப்பாற்றும் ஆசை எழும். ஏளனஞ் செய்வோர்க்கும் அவ்வேலியே வசதி. நல்லனவற்றையுஞ் சேர்த்து ஒரு மூலையில் ஒதுக்கிவிடுவர். தாமே வரைந்து படியெடுத்து நண்பரிடை வழங்கும் மாணவர்க்கு இவ்விரண்டும் கேடே.

உண்மையில் அப்பெயர் சுட்டுவது உரிமையை. சுப்பர்மான் என்னும் பாத்திரத்தைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938 இல் 130 டொலருக்கு அதன் உரிமை முழுவதையும் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தனர். ஈஸ்ட்மனும் லெயாடும் கைப்பொருளோடு கடனுஞ் சேர்த்து ஏறக்குறைய 3,000 படிகளே அச்சிட்டனர்; ஆமைகள் உலகெங்குஞ் சென்றபோதும் உரிமை அவர்களிடமே இருந்தது.