மூன்றாவது கதிரை

ஜேர்மனியில் வைமார் என்று ஒரு சிறு நகரம். அங்கே பேத்தோவன் சதுக்கத்தில், இல்ம் ஆற்றுப் பூங்காவுக்குப் பக்கத்தில், கருங்கல்லில் செய்த பெரிய கதிரைகள் இரண்டு ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. ஒன்று ஷீராஸ் நகரத்துக் கவிஞர் ஹாபிஸுக்கு. மற்றது ஜேர்மன் மகாகவி கோதேக்கு. 2000ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் திகதி அன்றைய ஈரான் ஜனாதிபதி முஹம்மத் காத்தமியும் ஜேர்மன் ஜனாதிபதி யொஹான்னஸ் ராவும் சேர்ந்து அதைத் திறந்து வைத்தார்கள்.

கவிஞர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்களில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். சிலை இல்லை. ஹாபிஸின் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கற்பனையாக ஒரு முகத்தை வடித்து வைக்கவும் இல்லை. இரண்டு கதிரைகளும் ஒரே கல்லில் இருந்து வெட்டியவை. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்றில்லை. நடுவில் நிலத்திலே ஹாபிஸின் கஸல் ஒன்று பாரசீக எழுத்திலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. கவிஞனின் சின்னத்தில் அவனுடைய கவிதை இருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்த இருவரும் எப்படிச் சந்தித்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் அங்கே ஒரு கதிரை குறைகிறது.

குர்ஆனை மனனம் செய்தவர் என்பதாலேயே ஹாபிஸ் என்ற பெயர் பெற்ற அந்தக் கவிஞர் 1390 அளவில் மௌத்தானார். கோதே பிறந்தது 1749இல். இடையில் மூன்றரை நூற்றாண்டு. அரபு எழுத்தை ஆசையோடு எழுதிப் பழகியவர்தான் கோதே; என்றாலும் ஒரு பாரசீகத் திவானை மூலத்தில் படிக்கும் அளவுக்கு அவருக்கு மொழி கைவரவில்லை. 1814இல் அவர் கைக்கு வந்தது ஒரு மொழிபெயர்ப்பு. ஒஸ்திரியரான யோசப் பொன் ஹாமர் ஹாபிஸின் திவானை முழுமையாக ஜேர்மன் மொழியில் தந்திருந்தார். இரண்டு பாகங்கள், முகப்பில் 1812, 1813 என்று ஆண்டுகள். 65 வயதை எட்டிக்கொண்டிருந்த கோதேக்கு அதைப் படித்ததும் புதிதாக எழுத்துப் பிறந்தது. 1819இல் வெளிவந்த அவருடைய 'மேற்கு-கிழக்குத் திவான்' அப்படி விளைந்ததுதான்.

ஹாமரும் தனியாக நின்று இதைச் செய்யவில்லை. அவருக்குக் கைகொடுத்தது 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூதி என்ற பொஸ்னிய முஸ்லிம் அறிஞர் துருக்கி மொழியில் எழுதிய விரிவுரை. ஹாபிஸின் ஒவ்வொரு பைத்தையும் எடுத்து, சொல் சொல்லாகப் பிரித்து, இலக்கணம் காட்டிப் பொருள் சொன்னவர் சூதி. எங்கட மத்ரஸாக்களில் ஓர் உஸ்தாத் கிதாபை விரித்து வைத்து ஓதிக் கொடுப்பாரே, அந்த மாதிரியான வேலை.

ஹாமரின் மொழிபெயர்ப்பில் கவித்துவம் போதாது என்று குறை சொன்னவர்கள் உண்டு. கோதே அப்படி அவரை ஒதுக்கிவிடவில்லை. திவானோடு சேர்த்து வெளியிட்ட விளக்கக் குறிப்புகளில் ஹாமருக்குத் தான் பட்ட கடனைப் பேர் சொல்லியே எழுதினார். அதே குறிப்புகளில் மொழிபெயர்ப்பில் மூன்று வகை உண்டு என்றும் வகுத்துக் காட்டினார்: பொருளை எளிய உரைநடையில் தருவது, பிறர் கருத்தைத் தன் மொழியின் உடைக்கு மாற்றுவது, மூலத்தோடு ஒன்றாகிவிட முயல்வது. வாங்கிய கடனை மறைக்காத பெரிய மனுஷன்.

கதை அங்கே முடியவில்லை. கோதேயின் திவானுக்கு மறுமொழியாக அல்லாமா இக்பால் 1923இல் 'பயாமே மஷ்ரிக்' நூலைப் பாரசீகத்தில் வெளியிட்டார். இதே இக்பால்தான் 1915இல் 'அஸ்ராரே குதீ'யின் முதற்பதிப்பில் ஹாபிஸைக் கடுமையாகச் சாடி, பிறகு அந்தப் பகுதியை நீக்கியவர். சண்டை பிடித்தாலும் உறவு அறுந்துபோகவில்லை. அந்த இக்பாலை 'இக்பால் இதயம்' என்ற நூலின் வழியாக எங்கட தமிழுக்குக் கொண்டுவந்தவர் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை.

ஷீராஸில் தொடங்கிய சங்கிலி பொஸ்னிய அறிஞர் ஒருவரின் விரிவுரையைத் தொட்டு, வைமாரையும் லாகூரையும் கடந்து, மட்டக்களப்பின் கடற்கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது. இதில் உரைகாரரையும் மொழிபெயர்ப்பாளரையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? தன் ஊரோடு நின்றுபோன கவிஞர்கள் மட்டும்தான்.

மேடைகளில் இக்பாலின் வரியைத் தமிழில் முழங்குகிறோம். அந்தத் தமிழ் யாருடையது என்று எத்தனை பேர் சொல்கிறோம்? பேர் சொல்லாமல் விட்டால் இரண்டு தலைமுறையில் அந்த ஆள் இல்லாமலே போய்விடுவார். அவருடைய நூலைத் தேடிப் பதிப்பிக்கவும் ஆள் வராது.

ஆகவே என் கோரிக்கை சிறியது. நாளைக்கு நம்மட ஊர்ப் பூங்கா ஒன்றில் ஒரு கவிஞருக்குக் கல் நாட்ட முன்வருபவர்கள், திறந்து வைத்த பிரமுகரின் பெயரைச் சிறிதாகப் போடட்டும். கவிஞரின் வரி ஒன்றைப் பெரிதாகப் பொறிக்கட்டும். அது வேற்று மொழியில் இருந்து வந்த வரியென்றால், கொண்டுவந்தவரின் பெயரும் அதற்குக் கீழே இருக்கட்டும். மூன்றாவது கதிரைக்கு அந்த ஒரு வரி இடம் போதும்.