நீராவி எஞ்சினுக்கு அணி செய்தல்

பொம்மை ரயில் என்றதும் நம் நினைவுக்கு வருவது, சாவி கொடுத்தால் வட்டமிட்டு ஓடும் தகர வண்டி. இன்று நான் சொல்ல வந்தது அதைப் பற்றியன்று. முழ நீளமும் இல்லாத, சாண் உயரமும் எட்டாத ஓர் எஞ்சினைப் பற்றிச் சொல்லப்போகிறேன். உருவத்தில் அது பொம்மைதான். ஆயினும் அதன் வயிற்றில் மெய்யான தீ எரிகிறது. மெய்யான நீர் கொதிக்கிறது. அந்நீரிலிருந்து எழும் ஆவியே அதன் சக்கரங்களை உருட்டுகிறது. வீட்டுத் தோட்டத்தில், பூஞ்செடிகளின் ஓரமாகப் பதித்த சிறு தண்டவாளத்தின் மீது அது புகை கக்கிக்கொண்டு ஓடும். இங்கிலாந்தில் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் பலர். வேலையின் பொருட்டு நான் அந்நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது எனக்கும் இந்தப் பித்துப் பிடித்தது.

இத்தகைய எஞ்சின்களுக்கு ஓர் அளவு முறை உண்டு. மெய்யான எஞ்சினின் ஓர் அடிக்கு மாதிரியில் 16 மில்லிமீட்டர் என்பது அதன் கணக்கு. அதாவது ஏறக்குறைய 19இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 32 மில்லிமீட்டர். இதனைப் பெருக்கிப் பார்த்தால் இரண்டடி வரும். நம் நாட்டில் டார்ஜிலிங் மலை ரயில் ஓடுவது இரண்டடிப் பாதையில்தானே! 1881இல் டார்ஜிலிங் வரை எட்டிய அந்தப் பாதையில், 1889 முதல் 'பி' வகை என்னும் நான்கு சக்கர எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. அவற்றுள் சில இன்றும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. கடையில் வாங்கிய சாதாரண நான்கு சக்கர எஞ்சின் ஒன்றை அந்த 'பி' வகையின் சாயலுக்கு மாற்றுவது என்று 2012இல் முடிவு செய்தேன்.

வாங்கும்போது அந்த எஞ்சின் நகையணியாத மணப்பெண்போல இருந்தது. செப்புக் கொதிகலன், அதன் நடுவே தீ செல்லும் குழாய், பியூட்டேன் வாயு அடைத்த சிறு கலம், இரண்டு சிலிண்டர்கள் ஆகிய இன்றியமையாத உறுப்புகள் யாவும் இருந்தன. கைப்பிடிக் கம்பிகள், ஆணித் தலைகள், விளக்கு, கருவிப் பெட்டி, கரித்தொட்டி ஆகிய அணிகள் இல்லை. அணிகளைச் சேர்ப்பதில் என்ன கடினம் இருக்கிறது என்று எண்ணினேன். தவறு அங்கேதான் தொடங்கிற்று.

முதலில் ஒரு கணக்கைச் சொல்கிறேன். நீளத்தை 19இல் ஒரு பங்காக்கினால், பரப்பு 361இல் ஒரு பங்காகிறது. கன அளவோ 6859இல் ஒரு பங்காகிறது. ஆகவே சிறு கொதிகலனுக்குள் இருக்கும் நீர் மிகக் குறைவு. அந்த நீரின் அளவை நோக்க, வெப்பம் வெளியேறும் பரப்பு மிக அதிகம். சிறு குவளைப் பால் அண்டாப் பாலைவிட விரைவில் ஆறுவதும் இதனால்தான். எனவே கொதிகலனைச் சுற்றி வெப்பம் கடத்தாத உறை ஒன்று இட்டு, அதன்மேல் மெல்லிய பித்தளைத் தகட்டைப் போர்த்தேன். இது வெறும் அணியன்று. எஞ்சினுக்கு அது கம்பளி. தகட்டையும் கணக்குப்படி குறைக்க இயலாது. மெய்யான எஞ்சினில் 6 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு இங்கே அரை மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும். விரல் பட்டால் நெளியும். ஒலியும் அப்படியே. ஊதலை 19இல் ஒரு பங்காக்கினால் அதன் கம்பீரம் போய்க் கொசுவின் ரீங்காரம் மிஞ்சும். அதனால் நீண்ட ஊதுகுழலை எஞ்சினின் அடியில் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைப்பார்கள்.

அடுத்தது பற்றவைக்கும் வேலை. நம் ஊர்த் தகர வேலைக்காரர் ஈயம் உருக்கிப் பற்றவைப்பார். பொற்கொல்லரோ பொடிவைத்து ஊதிப் பற்றவைப்பார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த எஞ்சின் எனக்குக் கற்பித்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு ஏறக்குறைய 183 பாகை சென்டிகிரேடிலேயே இளகத் தொடங்கும். வெள்ளி கலந்த பற்றாசு உருகுவதற்கு 600 பாகைக்கு மேல் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 142 பாகை அளவில் இருக்கும். ஈயப் பற்று அதைத் தாங்கும் என்று நம்பி, புகைபோக்கியின் அடியில் விளக்கு ஒன்றை ஈயத்தால் ஒட்டிவிட்டேன். ஆனால் அந்த இடத்தைத் தொடுவது நீராவியன்று. தீயிலிருந்து வரும் காற்று. முதல் ஓட்டத்தில் நான்காவது சுற்று முடியுமுன் விளக்கு கழன்று புல்லில் விழுந்தது. கொதிகலனை மட்டும் ஏன் வெள்ளிப் பற்றாசினாலேயே இணைக்கிறார்கள் என்பது அன்று விளங்கிற்று.

எண்ணெய்க் கிண்ணம் மற்றொரு பாடம் சொன்னது. நீராவிக் குழாயை ஒட்டிச் சிறு கிண்ணம் ஒன்று உண்டு. நீராவியின் ஒரு சிறு பங்கு அதற்குள் புகுந்து குளிர்ந்து நீராகும். நீர் கனமானது, அடியில் தங்கும். எண்ணெய் மேலெழுந்து, நீராவியுடன் கலந்து சிலிண்டருக்குள் சென்று உந்துதண்டுக்கு வழுவழுப்புக் கொடுக்கும். ஓட்டம் முடிந்ததும் அடியில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். நான் அந்தக் கிண்ணம் அழகைக் கெடுக்கிறது என்று கருவிப் பெட்டி ஒன்றைச் செய்து அதன்மேல் கவிழ்த்து ஒட்டிவிட்டேன். பிறகு நீரை வடிக்க வழியில்லை! பெட்டியைப் பெயர்த்து, கீல் வைத்த மூடியுடன் மறுபடியும் செய்தேன். இப்போது பெட்டியும் பெட்டியாக இருக்கிறது. கிண்ணமும் தன் வேலையைச் செய்கிறது.

இவையெல்லாம் சிறு பிழைகள். இனிச் சொல்வது சிறு பிழையன்று.

கொதிகலனின் மேல் குமிழ் போன்ற ஓர் உறுப்பு இருக்கும். பல மாதிரிகளில் காப்பு வால்வை அந்தக் குமிழுக்குள் மறைத்து வைத்து, உச்சியில் தக்க துளை விட்டிருப்பார்கள். அழுத்தம் 40 பவுண்டைத் தாண்டினால் வால்வு திறந்து, மிகுந்த ஆவி அத்துளை வழியே வெளியேறும். அந்தத் துளை எனக்குக் கண்ணை உறுத்தியது. கடைசல் பிடித்துப் புதிய பித்தளைக் குமிழ் ஒன்று செய்தேன். துளையை ஊசித் துளையாகச் சிறிதாக்கினேன். அடிப்பகுதி இழையும் நுழையாதபடி பொருந்திற்று. பொன்போல மின்னியது. அதுவரை நான் செய்தவற்றுள் அதுவே சிறந்தது என்று பெருமை கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. அண்டை வீட்டுப் பெரியவர் வந்திருந்தார். இளமையில் ரயில்வேயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். ஆறு வயதான என் மகள் தண்டவாளத்தின் அருகே குந்தி, முகவாயைச் செங்கல்மேல் வைத்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் 40ஐத் தொட்டது. குமிழிலிருந்து மெல்லிய சீறல் மட்டும் வந்தது. முள் நிற்கவில்லை; 45, 50 என்று ஏறிற்று. நான் குமிழின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் குழந்தையைப் பின்னுக்கு இழுத்தார்; மறு கையால் வாயுத் திருகை அடைத்தார். தீ அணைந்தது, முள் மெல்ல இறங்கிற்று. விபத்து ஒன்றும் நேரவில்லை.

புதுக் கொதிகலனை அதன் அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்குக் குளிர்ந்த நீரால் சோதிப்பது வழக்கம். ஆகையால் 50 பவுண்டில் அது வெடித்திராது என்று நான் சமாதானம் சொன்னேன். அந்த மிச்சம் நாம் செலவழிப்பதற்கன்று என்று அவர் அமைதியாக விடை சொன்னார். பொன்னால் செய்த கத்தி என்பதற்காகக் கழுத்தை அறுத்துக்கொள்வார் உண்டோ? அன்றிரவே குமிழின் துளையை அகலமாக்கினேன். அடியிலும் மூன்று வாய்கள் வெட்டினேன். அழகு சிறிது குறைந்தது. நான் வருந்தவில்லை.

அதன்பின் நான் சேர்த்த அணிகள் எல்லாம் ஒரு கேள்விக்கு விடை சொன்ன பிறகே எஞ்சினில் ஏறின: 'நீ யாருடைய வேலைக்குக் குறுக்கே நிற்கிறாய்?' நீல வர்ணம் பூசுமுன் எண்ணெய்ப் பசையை முற்றும் போக்கி, வெப்பம் தாங்கும் வர்ணமாகத் தேர்ந்தேன். கொதிகலனின் மேலிருக்கும் கரித்தொட்டியில் மெய்யான நிலக்கரியைப் பொடித்து ஒட்டினேன். இறுதியாக மூன்று மனிதர்களைச் செய்தேன். ஒருவர் கரித்தொட்டியின்மேல் அமர்ந்து கரி உடைப்பவர். மற்ற இருவர் எஞ்சினின் முகப்பில் அமர்ந்திருப்பவர்கள்.

முகப்பில் இருவர் எதற்கு என்று பெரியவர் கேட்டார். மலைச் சரிவில், மூடுபனியும் மழையும் நனைத்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும்போது, அவர்கள் கையால் மணல் தூவுகிறார்கள் என்று விளக்கினேன். 2258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையத்துக்கு அந்த எஞ்சின்கள் ஏறியது நீராவியினால் மட்டுமன்று, அந்தக் கைகளினாலும்தான். அவர் நெடுநேரம் அந்த இரு பொம்மைகளையும் பார்த்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டலாம் என்றார்.

குமிழின் உச்சியிலிருந்து ஆவி தாராளமாகப் பீறிட்டது. முள் 40இல் நின்றது. என் மகள், இம்முறை மூன்றடி தள்ளி நின்று, கை தட்டினாள்.