பிள்ளைக்கு ஒரு பாவாடை: தைப்பதும் பின்னுவதும்



"அம்மா எனக்குச் சட்டை நெய்தார்" என்று ஒரு மாணவர் எழுதினால் சிவப்பு மையால் வட்டம் போடுவோம். ஆனா, ஏன் தப்புன்னு விளக்கினாத்தான் அந்தச் சொல் மனசுல நிக்கும். நெய்வது தறியில், அங்கே நூல் துணியாகிறது. தைப்பது ஊசியால்; அங்கே துணி உடையாகிறது. பின்னும்போது நூலே நேராக உடையாகிவிடுகிறது. இரண்டு நீண்ட ஊசிகளால் பின்னுவது ஒரு வகை. ஒரே கொக்கியால் பின்னுவது இன்னொரு வகை. நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி தேவையில்லை என்பதால், பருத்தி நூலில் குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் பின்னுவார்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓர் உடை எப்படி உருவாகிறது? ஐந்து வயதுப் பிள்ளையின் பருத்திப் பாவாடையை எடுத்துக்கொள்வோம்.

1. அளவும் கணக்கும்

பிள்ளையின் இடுப்பு 52 செ.மீ., இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

அகலம்: சுருக்கு வைப்பதற்கு இடுப்பு அளவைப்போல் இரு மடங்கு துணி வேண்டும். 52 × 2 = 104 செ.மீ. கடையில் கிடைக்கும் 45 அங்குல அகலத் துணி ஏறக்குறைய 114 செ.மீ. ஆக, ஒரு அகலமே போதும்.

நீளம்: உடல் அளவு 55, இடுப்பில் எலாஸ்டிக் நுழைக்க 4, கீழே ஓரம் அடிக்க 5, வளர்ச்சிக்கான இரண்டு மடிப்புகளுக்கு 6. மொத்தம் 70 செ.மீ.

வளர்ச்சிக்கான மடிப்பை அம்மாமார்கள் 'டக்' என்பார்கள். பாவாடையின் கீழ்ப்பகுதியில் துணியை மடித்து, மடிப்பு விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. தள்ளித் தைத்தால் 3 செ.மீ. துணி உள்ளே அடங்கும். இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு 5 முதல் 7 செ.மீ. வரை உயரம் கூடுவார்கள். அதில் பாதிக்கு மேல் கால்களில்தான். அதனால், ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடையும் பிள்ளையோடு சேர்ந்து வளரும். பிரித்த இடத்தில் துணியின் பழைய நிறம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை வைத்தே பிள்ளை எவ்வளவு வளர்ந்தாள் என்று சொல்லிவிடலாம்.

2. முதலில் அலசு, பிறகு வெட்டு

பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். நெய்யும்போது இழுத்துப் பிடிக்கப்பட்ட நூல், தண்ணீர் பட்டதும் தளர்ந்து தன் நிலைக்குத் திரும்புகிறது. 100க்கு 5 பங்கு சுருங்கினால் 70 செ.மீ. துணியில் 3.5 செ.மீ. போய்விடும். ஆகவே 75 செ.மீ. வாங்கி, அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அதன் பிறகு அளந்து வெட்ட வேண்டும்.

என் மூத்த மகளுக்கு முதன்முதலில் தைத்தபோது இதை நான் செய்யவில்லை. தீபாவளியன்று கணுக்கால் வரை இருந்த பாவாடை, துவைச்சதும் மேல ஏறிடுச்சு. ஒரு வருசத்துக்குன்னு வச்ச மடிப்பை ஒரே வாரத்துல பிரிச்சேன்!

3. பிள்ளைகளுக்கு நடுவே

கைக்குழந்தை உள்ள வீட்டில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் மிசினில் உட்கார முடியாது. எனவே வேலையைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். வெட்டுவதைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பக்கத் தையல், அடுத்த நாள் சுருக்கு, பிறகு ஓரம். பின்னலுக்கு இதில் ஒரு வசதி உண்டு: பிள்ளை அழுதால் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனா, எத்தனையாவது வரிசைன்னு ஒரு தாளில் குறிச்சு வைக்கணும்.

4. அழகைவிடப் பாதுகாப்பு முதலில்

• குண்டூசிகளை எண்ணி எடுங்கள். முடித்ததும் எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தாலும் பிள்ளையைத் தரையில் விடாதீர்கள்.

• மூன்று வயதுக்குட்பட்டவர் உடையில் மணி, சிறு பொத்தான் போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது. கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும்.

• கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு வைக்காதீர்கள். விளையாட்டுச் சாதனத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். ஏழு வயதுக்குட்பட்டோரின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுகயிறு கூடாது என்று ஐரோப்பியத் தரவிதியே உள்ளது.

• பின்னிய காலுறையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நீண்டிருக்கும் நூல் முனை குழந்தையின் விரலைச் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். குழந்தை காரணமில்லாமல் அழுதால் காலுறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள்.

5. கட்டுரை எழுதுவோருக்கு

"அம்மா அன்போடு உடை தைத்தார்" என்று எழுதிவிட்டு நிறுத்தினால், படிப்பவருக்கு அந்த அன்பு தெரியாது. செயலை எழுதுங்கள்: அளந்தார், வெட்டினார், நூல் கோத்தார், மடித்தார், தைத்தார், பிசிறு நறுக்கினார். அந்த வினைச்சொற்களே அன்பைச் சொல்லிவிடும்.

இன்னொன்று. பாசார் மாலாமில் ஆயத்த உடை மலிவாகவே கிடைக்கிறது. எனவே, "வீட்டில் தைத்தால் பணம் மிச்சம்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். துணி, நூல், நேரம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொருத்தமான அளவு, பிரித்துத் திருத்தும் வசதி, தங்கைக்கும் உதவுவது ஆகியவையே வலுவான காரணங்கள். தைக்க நேரமில்லாத தாயின் அன்பு குறைந்ததும் இல்லை. கடைச் சட்டைக்கு இரவில் பொத்தான் வைத்துத் தருவதும் அன்புதான். தைப்பது தாய்க்கு மட்டுமே உரிய வேலையும் அல்ல. தையற்கடைகளில் ஆண்கள் காலங்காலமாகத் தைத்து வருகிறார்கள்.

பயிற்சி

1. நெய்தல், தைத்தல், பின்னுதல்: மூன்றுக்கும் ஒவ்வொரு வாக்கியம் அமைத்திடுக.
2. இடுப்பு 56 செ.மீ., கணுக்கால் வரை 60 செ.மீ. உள்ள பிள்ளைக்கு எவ்வளவு துணி தேவை? சுருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடுக.
3. 'நான் ஒரு பாவாடை' எனும் தலைப்பில் தன்கதை எழுதுக. மடிப்பு பிரிக்கப்பட்ட நாளை மறக்காமல் சேர்த்திடுக.