இரவுச் சிற்றுண்டியில் உலர்பழங்கள்

இராச் சாப்பாடு முடிந்து மூன்று நான்கு மணி நேரத்திற்குப் பின்னும் கண் விழித்திருக்க வேண்டியவர்கள் நம் நாட்டில் பலர் உளர். மருத்துவமனைத் தாதியர், ரயில் நிலையப் பணியாளர், ஆலைகளில் இராமுறை வேலை பார்ப்போர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஆகியோருக்குப் பத்து மணிக்கு மேல் பசி எடுப்பது இயல்பே. அந்நேரத்தில் எளிதில் கிடைப்பவை பெரும்பாலும் எண்ணெயில் பொரித்த பண்டங்களும் பிஸ்கோத்துமே. அடுப்பு மூட்ட வேண்டாத, எளிதில் கெடாத, இனிப்புச் சுவையுள்ள உலர்பழங்கள் இவற்றுக்கு ஏற்ற மாற்றாகும். ஆயினும், பழந்தானே என்று அளவின்றி உண்பதும், இனிப்பு என்று அஞ்சி அறவே விலக்குவதும் சரியல்ல. உலர்பழத்தின் நன்மை, தீமை ஆகிய இரண்டும் ஒரே காரணத்தால் விளைபவை. பழத்திலிருந்து நீர் நீங்கியதே அக்காரணம்.

நீர் நீங்குவதால் நேர்வது

புதிய திராட்சையில் நூற்றுக்கு எண்பது பங்கு நீராகும். உலர்ந்த திராட்சையில் எஞ்சுவது சுமார் பதினைந்து பங்கே. எனவே ஒரு கிலோ உலர்திராட்சை பெற நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பழம் வேண்டியிருக்கிறது. 100 கிராம் புதிய திராட்சை ஏறத்தாழ 70 கலோரி தருகிறது. அதே எடையுள்ள உலர்திராட்சை தருவது சுமார் 300 கலோரி. சர்க்கரை மட்டுமின்றி நார்ப்பொருளும் பொட்டாசியம் முதலிய உப்புக்களும் இவ்வாறே செறிவடைகின்றன. வெப்பத்தையும் காற்றையும் தாங்காத வைட்டமின் 'சி' மட்டும் பெரும்பாலும் அழிந்துபோகிறது.

வயிறு நிறைந்துவிட்டது என்னும் உணர்வு உண்ட பொருளின் கன அளவையும் பொறுத்தது. நூறு புதிய திராட்சைகளை ஒரே முறையில் தின்று தீர்ப்பது எளிதன்று. நூறு உலர்திராட்சைகளோ சுமார் 50 கிராம் எடைதான். பேச்சினிடையே அவை தீர்ந்துவிடும். கலோரிக் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

உலர்பழம் கெடாமலிருப்பதற்கும் இதுவே காரணம். ஒரு பொருளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அந்நீரில் எவ்வளவு நுண்ணுயிர்களின் பயன்பாட்டுக்குக் கிட்டுகிறது என்பதே முக்கியம் என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானி டபிள்யூ. ஜே. ஸ்காட் 1953-இல் தம் ஆராய்ச்சியால் விளக்கினார். நன்கு உலர்ந்த பழத்தில் எஞ்சும் சிறிதளவு நீரையும் சர்க்கரை தன்பால் பிணைத்துக்கொள்கிறது. ஆதலின் பாக்டீரியாக்கள் அதில் வளர இயலாது. அப்பழத்தை நீரில் ஊறவைத்த உடனே இக்காப்பு நீங்கிவிடும் என்பதை இல்லத்தரசிகள் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் கிடைப்பவை

ஒரு காலத்தில் உலர்பழம் என்றாலே காபூல் வணிகரின் நினைவு வரும். ஆப்கானிஸ்தானத்தில் சுவரெங்கும் துளைகள் விட்டுக் கட்டிய மண் வீடுகளில் திராட்சைக் குலைகளைத் தொங்கவிட்டு, வெயில் படாமல் காற்றினாலேயே உலர்த்துவர். பச்சை நிறம் மாறாத திராட்சை இம்முறையில் கிடைப்பதே.

இன்று மகாராஷ்டிரத்தின் சாங்லி, தாஸ்காவ் பகுதிகளிலும் கர்நாடகத்தின் விஜயபுர மாவட்டத்திலும் உலர்திராட்சை பெருமளவில் தயாராகிறது. பழத்தின் தோலை மூடியுள்ள மெழுகுப் படலம் நீர் வெளியேறுவதைத் தடுக்கும். எனவே பொட்டாசியம் கார்பனேட்டும் எதில் ஓலியேட் என்னும் எண்ணெயும் கலந்த நீரில் குலைகளை முக்கியெடுத்து, நிழற் பந்தலின் கீழ் வலைத் தட்டுகளில் பரப்புவர். மெழுகு தளர்ந்து, சுமார் இரு வாரங்களில் பழம் உலர்கிறது.

கச்சுப் பகுதியில் பேரீச்சை விளையினும், பழம் மரத்திலேயே முதிர்ந்து உலர்வதற்கு முன் பருவமழை வந்துவிடுகிறது. அதனால் அங்குள்ளோர் காயின் கடினம் மாறாத பருவத்திலேயே பறித்து விற்கின்றனர். நாம் உண்ணும் உலர்ந்த பேரீச்சம்பழத்தில் பெரும்பகுதி மேற்காசிய நாடுகளிலிருந்து வருவது. லடாக்கின் வறண்ட காற்றிலும் கடும் வெயிலிலும் உலர்த்தப்படும் ஆப்ரிகாட் பழம் வடநாட்டில் குபானி என்று வழங்கும். அத்திப்பழமும் உலர்ந்த பிளம் பழமும் கடைகளில் கிடைக்கின்றன.

இரவில் உடலின் நிலை

உடலினுள் இயங்கும் நாட்கடிகாரத்தின் அமைப்பைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கையாளும் திறனும் இக்கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதே. காலையில் உண்ட அதே உணவு இரவில் உண்ணப்படுமாயின் இரத்தச் சர்க்கரை அதிகம் உயர்கிறது. உறக்கத்தை ஒட்டிச் சுரக்கும் மெலட்டோனின் இன்சுலின் சுரப்பைக் குறைப்பது இதற்கு ஒரு காரணமாகும்.

உறக்கத்தின்போது உமிழ்நீர்ச் சுரப்பும் மிகவும் குறைகிறது. பகலில் பல்லிடுக்கைக் கழுவும் உமிழ்நீர் இரவில் இல்லாமையால், ஒட்டிக்கொண்ட இனிப்பைப் பாக்டீரியாக்கள் அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. உண்ட உடன் படுப்பவருக்கு நெஞ்செரிச்சலும் உண்டாகலாம்.

இவற்றிலிருந்து நான்கு விதிகள் பெறப்படும். முதலாவது, பாத்திரத்திலிருந்து நேரே எடுத்துத் தின்னாமல் 30 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி, அளந்தெடுத்துக்கொள்ளல். இரண்டாவது, முடிந்தவரை ஊறவைத்து, இழந்த நீரைத் திருப்பித் தருதல். மூன்றாவது, பால், தயிர், கடலை போன்ற புரதமுள்ள பொருளுடன் சேர்த்தல். இதனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிச் சர்க்கரை நிதானமாக இரத்தத்தை அடையும். நான்காவது, உண்டபின் பல் துலக்கி, இரண்டு மணி நேரமாவது கழித்துப் படுத்தல்.

எளிய சிற்றுண்டிகள்

திராட்சைத் தயிர்: காய்ச்சி ஆறிய இளஞ்சூடான பாலில் ஒரு மேசைக்கரண்டி உலர்திராட்சையையும் சிறிது உறைமோரையும் பிற்பகலிலேயே இட்டு வைத்தால் இரவுக்குள் தயிர் உறைந்துவிடும்; திராட்சையும் ஊறிப் பருத்திருக்கும். சர்க்கரை வேண்டுவதில்லை.

பேரீச்சைப் பால்: கொட்டை நீக்கிய மூன்று பேரீச்சம்பழத்தை அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து மசித்து, இளஞ்சூடான பாலில் கலந்து ஏலப்பொடி தூவலாம். புளிப்புள்ள ஆப்ரிகாட்டையும் திராட்சையையும் கொதிக்கும் பாலில் இட்டால் பால் திரிந்துவிடக் கூடும்.

கலவைக் கடலை: வறுத்த நிலக்கடலை அல்லது பொட்டுக்கடலை இரண்டு பங்கு, உலர்திராட்சை ஒரு பங்கு. சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டு போகலாம் என்பதால் இராமுறைத் தொழிலாளருக்கும் மாணவருக்கும் இது மிக ஏற்றது.

ஊறிய அத்தி: இரண்டு பழங்களைக் கழுவி, மாலையில் நீரில் இட்டு இரவில் நறுக்கி உண்ணலாம். ஊறிய நீரையும் பருகலாம். நார்ப்பொருளோடு ஓரளவு சுண்ணாம்புச் சத்தும் அத்தியில் உண்டு.

விருந்துச் சுவை வேண்டுவோர்க்கு

என்றேனும் ஒருநாள் நாவின் விருப்பத்துக்கு இடங்கொடுப்பதில் தவறில்லை. பேரீச்சை எள்ளுருண்டை அவ்வகையில் சிறந்தது. கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம், வறுத்த எள் 50 கிராம், வறுத்துப் பொடித்த நிலக்கடலை 50 கிராம், நெய் இரண்டு தேக்கரண்டி ஆகியவற்றைப் பிசைந்து பதினைந்து உருண்டைகளாகப் பிடித்தால் ஒவ்வொன்றும் சுமார் 80 கலோரி தரும். ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே இதில் கற்க வேண்டிய கலை.

ஐதராபாத்தின் புகழ்பெற்ற குபானி இனிப்பும் செய்வதற்கு எளியது. ஆப்ரிகாட்டைச் சில மணி நேரம் ஊறவைத்து, அதே நீரில் குழைய வேகவைத்துப் பாலேட்டுடன் பரிமாறுவர். உலர்ந்த பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே ஆதலால், வழக்கமாகச் சேர்க்கும் சர்க்கரையை விட்டுவிடினும் சுவை குன்றாது. இதன்மேல் கொட்டையினுள்ளிருக்கும் பருப்பைத் தூவுவதும் வழக்கம். இனிப்புப் பருப்பையே பயன்படுத்த வேண்டும். கசக்கும் பருப்பில் உள்ள அமிக்டலின் என்னும் பொருள் உடலில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் நஞ்சை விடுவிக்கும்.

நெய்யில் பொரித்த திராட்சை பந்துபோல் உப்புவதற்கு உள்ளிருக்கும் நீர் ஆவியாவதே காரணம். இரண்டு தேக்கரண்டி நெய்யின் கலோரி 30 கிராம் திராட்சையின் கலோரிக்குச் சமம் என்பதையும் மறக்கலாகாது.

கவனிக்க வேண்டியவை

நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்வோர், இரவுச் சிற்றுண்டியின் அளவை மருத்துவரைக் கேட்டே வரையறுக்க வேண்டும். உலர்ந்த பிளம் பழத்திலுள்ள சார்பிட்டால் மலத்தை இளக்கும். மலச்சிக்கலுக்கு அது நன்று, இரவில் மிகுதியாயின் உறக்கம் கெடும்.

பொன்னிறம் மாறாத ஆப்ரிகாட்டும் மஞ்சள் திராட்சையும் பெரும்பாலும் கந்தகப் புகை ஊட்டப்பெற்றவை. ஆஸ்துமா உள்ளவர் சிலருக்கு இது மூச்சு முட்டலைத் தூண்டக்கூடும். அவர்கள் கந்தகம் சேராத பழுப்பு நிறப் பழத்தைத் தேர்ந்தெடுக்கலாம். டுட்டி புரூட்டி உலர்பழமன்று. பப்பாளிக் காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றியதே அது.

இரத்தசோகை பேரீச்சம்பழத்தால் தீரும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் பரிந்துரைத்தது. ஒரு கைப்பிடி உலர்பழத்தில் கிட்டுவது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமே. அதிலும் உடல் ஏற்பது சிறு பகுதிதான். இந்நம்பிக்கையால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்தாகும்.

மழைக் காலத்தில் உலர்பழம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத புட்டியில் அடைத்து வைத்தல் வேண்டும். பழத்தின் மேல் வெண்மை படர்ந்திருப்பின் ஒன்றை வெந்நீரில் இட்டுப் பார்க்கலாம். கரைந்துவிட்டால் அது சர்க்கரைப் படிகம், உண்ணத் தடையில்லை. கரையாமல் பஞ்சுபோல் நின்றாலோ, ஊசல் நாற்றம் வீசினாலோ அது பூஞ்சை. அதன் நஞ்சு கழுவினாலும் போகாதாதலால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். ஊறவைத்த பழத்தை அன்றிரவே உண்டு தீர்ப்பது நலம்.

அளந்தெடுத்த ஒரு கைப்பிடி, அதனுடன் ஒரு குவளை பால் அல்லது தயிர், உண்டபின் பல் துலக்கல் என்னும் ஒழுங்கு இருக்குமாயின், இரவில் விழித்திருப்போருக்கு உலர்பழம் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல ஆகாரமாகும்.