எலிக்கு மனச்சோர்வு என்று எப்படித் தெரியும்?



லெம்பா பெர்த்தாம் பக்கம் ஈரமான வாய்க்கால் ஓரங்களில் வல்லாரை தானாகவே படர்ந்து கிடக்கும். மலாய்க்காரர்கள் பெகாகா என்று சொல்லி ஊலாமாகச் சாப்பிடுவார்கள். நம் வீடுகளில் பரீட்சை நெருங்கினால் வல்லாரைத் துவையல் வந்துவிடும். "சாப்பிடுப்பா, ஞாபகசக்தி வரும். எலிக்கே கொடுத்துப் பார்த்துட்டாங்களாம்!" என்பார் பாட்டி. கொடுத்துப் பார்த்தது உண்மைதான். ஆனால் எதை அளந்தார்கள்? அறிவியல் தாளில் மாறிகளைப் பற்றிய கேள்விக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கர்நாடகத்தின் மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் மோகன்தாஸ் ராவ் குழுவினர் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. எலிக்குஞ்சுகளுக்குப் பச்சை வல்லாரை இலைச்சாறு கொடுத்தார்கள். அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2, 4 அல்லது 6 மில்லிலிட்டர். காலம், 2, 4 அல்லது 6 வாரம். பிறகு, இரண்டாகப் பிரியும் பாதையில் சரியான பக்கம் திரும்புகிறதா, முன்பு மின் அதிர்ச்சி பட்ட இருட்டறைக்குள் மறுபடி நுழையத் தயங்குகிறதா என்று பார்த்தார்கள். கூடுதல் அளவில் கூடுதல் நாள் சாறு பெற்றவை கற்றதை நன்றாக நினைவில் வைத்திருந்தன.

இங்கே சாற்றின் அளவும் நாளும் தற்சார்பு மாறி. எலியின் சரியான தேர்வும் தயங்கும் நேரமும் சார்பு மாறி. வயது, இனம், தீனி, கூண்டு எல்லாம் கட்டுப்படுத்தப்பட்டவை. சாறு பெறாத குழு ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால், குஞ்சு வளர வளரத் தானாகவே புத்தி வந்ததா, வல்லாரையால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை. மாணவர்கள் அதிகமாக மறந்துவிடுவது இந்தக் குழுவைத்தான்.

மனச்சோர்வுக்கு வருவோம். இது இன்னும் சிக்கல். எலி வாய்திறந்து "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லாதே! 1977இல் போர்சோல்ட் என்பவர் ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார். வெளியேற முடியாத நீர்க்குடுவையில் விடப்பட்ட எலி முதலில் தத்தளிக்கும். பிறகு தலையை மட்டும் மேலே வைத்து அசையாமல் மிதக்கும். சுண்டெலிக்குப் பொதுவாக 6 நிமிடம். கடைசி 4 நிமிடத்தில் எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது என்று குறிப்பார்கள். இமிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்து கொடுத்தால் அந்த நேரம் குறைகிறது. மூலிகைச் சாறும் குறைத்தால், "மருந்துபோல வேலை செய்யலாம்" என்று ஊகிக்கிறார்கள். 'மனச்சோர்வு தீர்ந்தது' என்று அதற்குப் பொருள் இல்லை.

ஏன் இல்லை? நம் தோட்டத்துத் தேயிலையே பதில் சொல்லும். தேநீரில் உள்ள காஃபின் கொடுத்தாலும் எலி அசையாமல் இருக்கும் நேரம் குறையும். துயரம் நீங்கியதால் அல்ல, சும்மா இருக்க முடியாமல் துறுதுறுவென்று ஆனதால்! அதனால்தான் நல்ல ஆய்வில் திறந்த பெட்டியில் விட்டு, எலி சாதாரணமாக எவ்வளவு நடமாடுகிறது என்றும் தனியாக அளக்கிறார்கள். அங்கேயும் நடமாட்டம் எகிறியிருந்தால் நீச்சல் முடிவை நம்ப முடியாது. நீந்தவிடும் சோதனை கொடுமை என்ற எதிர்ப்பும் உண்டு. எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. இன்னொரு வழி, சர்க்கரைத் தண்ணீரையும் வெறும் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. நீண்ட நாள் நெருக்கடிக்கு ஆளான எலி இனிப்பை முன்புபோல் நாடுவதில்லை.

பாட்டியின் துவையலை யாரும் விட வேண்டாம். ஆனால் வல்லாரை மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களையும் இழுத்துக்கொள்ளும். எந்த வாய்க்காலில் பறித்தது என்று கேளுங்கள். யாராவது "எலிக்கு நல்லாச்சாம், நான் டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றால், உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

வகுப்பில் கேட்க ஒரு கேள்வி: ஒரு சாறு கொடுத்த சுண்டெலிகள் நீரில் அசையாமல் இருந்த நேரம் பாதியானது, திறந்த பெட்டியில் அவற்றின் நடமாட்டம் இருமடங்கானது. இந்தச் சாறு மனச்சோர்வைக் குறைக்கிறது என்று முடிவு செய்யலாமா? காரணம் எழுதுக. "ஆம்" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை.