காற்றுத்தூரிகையும் வினையெச்சமும்

இலக்கணம் பயில்வார் முற்றென்றும் எச்சமென்றும் இரண்டனைக் கற்பர். 'தீட்டினான்' என்றவிடத்து வினை முடிந்தது. 'தீட்டி' என்றவிடத்து முடியாது நின்றது. இதனை 30 ஆண்டுகளாக மாணாக்கருக்குக் கற்பித்துவரும் எனக்கு, தொழிலுலகிலும் இவ்விலக்கணம் செல்லும் என்பதை உணர்த்தியது ஒரு சிறு கருவி. சித்திரகாரர் 'எயார் பிரஷ்' என வழங்கும் அதனைக் காற்றுத்தூரிகை எனல் பொருந்தும்.

இதன் பிறப்பிடம் ஐக்கிய அமெரிக்கா. பின்னாளில் நீராவிக் கார்களாற் புகழ்பெற்ற ஸ்ரான்லி உடன்பிறந்தாருள் ஒருவராகிய பிரான்சிஸ் எட்கர் ஸ்ரான்லி, 1876 ஆம் ஆண்டில் வர்ணந் தூவுங் கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1879 இல் ஐயோவா மாநிலத்தவரான அப்னர் பீலர் வேறொன்றை ஆக்கினார். புகைப்படங்களைத் திருத்துதற்கு நெடுங்காலம் பயன்பட்ட இக்கருவி, அப்பணியைக் கணினி ஏற்றுக்கொண்ட பின்னரும், வாகனங்களிலும் மாதிரியுருக்களிலும் வண்ணந் தீட்ட இன்றும் உதவுகின்றது.

இதன் உள்ளுறுப்புகள் நுண்ணியன. மூக்கின் துவாரம் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீற்றர் வரையினது. அதனை ஓர் ஊசி அடைத்து நிற்கும். பொத்தானை அழுத்தக் காற்று விரையும். பின்னிழுக்க ஊசி விலகி வர்ணத்துக்கு வழிவிடும். மூக்கைச் சூழ்ந்து விரையுங் காற்று அவ்விடத்து அமுக்கத்தைக் குறைத்தலால், வர்ணம் ஈர்க்கப்பட்டு நுண்டுளியாய்ச் சிதறும். மயிரிழை சிலவற்றின் பருமனே கொண்ட அவ்வழியில் உலர்ந்த வர்ணம் சிறிது தங்கினும் போதும், கருவி முடங்கிவிடும். அக்கிரிலிக் வர்ணமோ உலர்ந்தபின் நீரிற் கரைவதில்லை.

இத்தொழிலாற் சீவிக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவர், இரண்டு நாள் உழைத்துத் தீட்டிய முகமொன்றின் கன்னத்தில், முன்னைநாள் எச்சம் பெருந்துளியாய்த் தெறித்தது. உழைப்பும் போயிற்று, கூலியும் போயிற்று. அன்றுதொட்டு அவர் கைக்கொண்ட ஒழுங்கை அருகிருந்து கண்டேன்.

வேலை முடிந்தவுடன் கிண்ணத்தில் எஞ்சியதை அகற்றித் துடைப்பார். நீரிற் கலக்கும் வர்ணமாயின் நீரையும், எனாமலாயின் அதற்குரிய கரைப்பானையும் இட்டு, வெளிவருவது தெளியும்வரை விசிறுவார். பின் மூக்கின் நுனியைத் துணியால் மூடி மெல்லக் காற்றைச் செலுத்துவார். காற்று பின்னோக்கிச் சென்று கிண்ணத்திற் குமிழியிட, ஒளிந்திருந்த வர்ணம் மேலெழும். அதனைக் கொட்டி மீண்டுங் கழுவுவார்.

அதன்பின் காற்றை நிறுத்தி, ஊசியை உருவி, ஈரத்துணியின் மடிப்பில் வைத்து, அடியிலிருந்து நுனிநோக்கிச் சுழற்றித் துடைப்பார். மாறித் துடைப்பின் ஊசியும் வளையும், விரலையுங் குத்தும். வளைந்த ஊசியால் நேரிய கோடு எழாது. மூக்கைக் கழற்றுங்கால் வன்மை ஆகாது. அதன் புரி மெல்லியது. கருவி முழுவதையும் கரைப்பானில் ஊறவிடுதலுந் தகாது. உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் பழுதுறும். ஈற்றில், கருவிக்குரிய எண்ணெயை ஊசியிற் பொட்டளவு தடவி, மூக்கில் மெல்லெனப் பொருத்தி, நுனிமூடியை இடுவார்.

கருவியைக் காப்பார் தம்மையுங் காத்தல் வேண்டும். கரைப்பான் விசிறும்போது சன்னல் திறந்திருத்தலும், ஆவியைத் தடுக்கும் முகக்கவசம் அணிதலும், நெருப்பை விலக்குதலும் இன்றியமையாதன.

இவ்வளவும் கால்மணி நேரப் பணியே. எனினும், களைத்த கைக்கு அதுவே பெருஞ் சுமையாகத் தோன்றும். 'நாளை பார்ப்போம்' என்னும் எண்ணம் எழும். வள்ளுவர் வினைசெயல்வகையில், செயலில் விடப்பட்ட குறையை அணையாது விட்ட நெருப்புக்கு ஒப்பிட்டது இத்தகைய சோம்பலை நோக்கியே போலும். ஓவியம் உலர்வது முற்று அன்று. கழுவிய ஊசி கருவியுட் புகுந்து, நுனிமூடி அதன்மேல் அமர்வதே முற்று.