துருவுக்கும் விதிக்கும் நடுவே பழைய கார்கள்

புது தில்லி: தலைநகரின் அதிகார அடையாளமாக ஒரு காலத்தில் வலம் வந்த வெள்ளை அம்பாசிடர் கார்கள் இன்று அரிதாகிவிட்டன. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை, 2014 மே மாதத்தில் அவற்றின் உற்பத்தியை நிறுத்தியது. எஞ்சிய கார்களைக் காப்பாற்ற நினைப்போர் இரண்டு எதிரிகளைச் சமாளிக்க வேண்டியுள்ளது. ஒன்று துரு, மற்றொன்று வயது வரம்பு.

பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களும் தில்லி சாலைகளில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் அளித்த இடைக்கால நிவாரணம், அந்த ஆண்டு டிசம்பரில் பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய தர வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. புகைத் தர விதிகளே இல்லாத காலத்தில் பிறந்த கார்களுக்கு அதனால் பயனில்லை.

வேறொரு கதவை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் திறந்தது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாடற்ற வாகனங்களைப் 'பழம்பெரும் வாகனம்' எனப் பதிவு செய்யலாம். 'விஏ' என்ற எழுத்துகளுடன் தனி எண் தரப்படும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20 ஆயிரம், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

இதில் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. வாகனம் அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. மாநில அரசு அமைக்கும் குழு வாகனத்தை ஆய்வு செய்து முடிவெடுக்கும். எனவே, துருப்பிடித்த உடற்கூட்டை எப்படிச் சீரமைப்பது என்பது அழகு சார்ந்த கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சட்டம் சார்ந்த கேள்வியாகவும் மாறுகிறது.

பட்டியின் பொய்

தமிழகத்தில் 'டிங்கரிங்' என்றும் தில்லியில் 'டென்டிங்' என்றும் அழைக்கப்படும் இத்தொழிலை, கார் உரிமையாளரே ஓரளவு கற்றுக்கொள்வதில் நன்மை இருக்கிறது. அவசர வேலையில் துரு ஓட்டையைப் பட்டி வைத்து மூடி வண்ணம் அடித்துவிட்டால், பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். துரு உள்ளிருந்து தின்னும். துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றே இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கப் போதும். தகரத்தில் ஒட்டும் காந்தம், கனத்த பட்டியின் மேல் ஒட்டாது.

முதல் பாடம் சுத்தியலும் 'டாலி' எனப்படும் இரும்புக் கட்டையும். தகரத்தின் உட்புறம் கட்டையைத் தாங்கலாக வைத்து, வெளிப்புறம் மெதுவாகத் தட்ட வேண்டும். பலம் கொண்ட மட்டும் அடித்தால் தகரம் நீண்டு புடைத்துக்கொள்ளும். நீண்ட தகரத்தைச் சுருக்குவது பள்ளத்தை எடுப்பதைவிடக் கடினம். குப்பைக்குப் போகும் பழைய மட்கார்டு ஒன்றில் பழகிய பிறகே காரில் கை வைப்பது நல்லது.

அம்பாசிடருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. அதன் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு போலவே, உடற்கூடே பாரம் தாங்கும் அமைப்பு. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ விளிம்பு துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே பலவீனமாகிறது. அதை வெட்டுவதற்கு முன், கதவு வாசல்களில் இரும்புக் குழாய்களைக் குறுக்கே பொருத்தித் தாங்கல் தராவிட்டால் கூடு வளைந்துவிடும். பிறகு கதவு சாத்தாது. இந்தப் பகுதியை அனுபவசாலியின் துணையின்றிச் செய்யக் கூடாது.

வெல்டிங்கிலும் பொறுமையே பாதுகாப்பு. ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் மெல்லிய தகரம் வெப்பத்தில் நெளியும். இடைவெளி விட்டுப் புள்ளிபுள்ளியாக வைத்து, சூடு ஆற விட வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டிப்பதும், பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்துவதும் வேலைக்கு முந்தைய கடமைகள். பட்டி கடைசித் துளி மேடுபள்ளத்தைச் சரிசெய்ய மட்டுமே. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால், தகரத்தை இன்னும் தட்ட வேண்டும் என்று பொருள்.

வண்ணப்பூச்சில் ஆபத்து மறைந்திருக்கிறது. கடினமாக்கி சேர்க்கும் நவீன வண்ணங்களில் உள்ள ஐசோசயனேட், நிரந்தர ஆஸ்துமாவை ஏற்படுத்தக் கூடியது. சாதாரண முகக் கவசம் அதைத் தடுக்காது. வெளிக்காற்றை வழங்கும் கவசம் இல்லாதவர்கள், பிரைமர் வரை தாமே செய்து, இறுதிப் பூச்சைக் காற்றுவசதியுள்ள கூடத்துக்கு விட்டுவிடுவதே விவேகம். ஈரப்பதம் மிகுந்த மழைக்காலத்தில் பிரைமரோடு காரை நிறுத்தி வைப்பதும் தவறு. ஈரம் அதனூடே இறங்கிவிடும்.

இடைப்பட்ட தலைமுறை

துருப்பிடித்த பகுதியை அதே வடிவில், அதே கனத் தகரத்தில் மாற்றுவது சீரமைப்பா, உடற்கூட்டு மாற்றமா? ஆய்வுக் குழுவின் முன் இக்கேள்வி எழலாம் என்பதால், ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்து வைப்பது உரிமையாளருக்கு நல்லது.

பெரிய கேள்வி ஒன்று இன்னும் இருக்கிறது. 1970-இல் பதிவான கார் இன்று பழம்பெரும் வாகனம். 1980-இன் அம்பாசிடர் 2030 வரை காத்திருக்க வேண்டும். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த முதல் மாருதி 800, 2033 வரை. அதுவரை அவை தில்லியில் ஓட முடியாத அளவுக்கு முதியவை. மரபு என மதிக்கப்படும் அளவுக்கு முதியவை அல்ல. தடையில்லாச் சான்று பெற்றுப் பிற மாநிலங்களுக்குக் கொண்டு செல்லலாம், அல்லது உடைப்புக்கு விடலாம்.

தில்லிவாசிகளின் நுரையீரல் பழைய கார்களைவிட முக்கியமானது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே ஓடும் காரையும் தினமும் ஓடும் காரையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியா என்பது அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கட்டுப்பாடுகளுடன் ஓர் இடைநிலைப் பிரிவை உருவாக்குவது அரசாணையால் ஆகக் கூடிய காரியம்.

தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடப்பிரிவுகளில் வாகன உடற்பகுதிச் சீரமைப்பும் வண்ணப்பூச்சும் இடம்பெற்றுள்ளன. பழைய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் திறனும் அங்கே சேர்ந்தால், இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கும். விதி திருத்தப்படும் என்று மனிதர்கள் காத்திருக்கலாம்; துரு காத்திருப்பதில்லை.